மணப்பெண் ஏறினால் நிற்கும் கார்

தமயந்தியின் அம்பாசடர் சாதாரண நாட்களில் ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை. ஹவுராவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை போய்த் திரும்பியிருக்கிறது. முழங்கால் தண்ணீர் தேங்கிய ஜூலை மாதத் தெருக்களில் நீந்தியிருக்கிறது. ஆனால் இந்தத் தை மாதத்தில் மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு போன இரண்டு முறையும் நடுரோட்டில் நின்றுவிட்டது.

காரணம் என்ன என்று அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. பானெட்டைத் திறந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது. தமயந்தி விதவை.

அவருக்கு நாற்பத்தேழு வயது. அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து லிலுவா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். தமயந்தி பிறந்தது, படித்தது, மணந்தது எல்லாம் ஹவுராவில். வங்காளியில் சண்டை போடுவார், இந்தியில் பேரம் பேசுவார், தமிழில் மட்டும்தான் தன் கவலையைச் சொல்வார். கணவர் ஜம்புநாதன் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் டிரைவர். அந்த அலுவலகம் ஏலத்தில் விட்ட 1969ஆம் வருஷத்து அம்பாசடரை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து மாட்டி, தந்த நிறத்தில் பெயிண்ட் அடித்து, விடுமுறை நாட்களில் கல்யாணங்களுக்கு ஓட்டினார். பழைய காரில் மணமக்கள் வருவது இப்போது கொல்கத்தாவில் ஒரு பெருமை. கரியாஹாட்டில் இதற்கென்றே ஏஜென்சி வைத்திருக்கும் சந்தீப் என்பவர் அந்தக் காருக்கு வேலை பிடித்துக் கொடுத்தார்.

2021இல் ஜம்புநாதன் இறந்தார். ஒரு ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஊரே ஓடிக்கொண்டிருந்த மே மாதம் அது. சிலிண்டர் வந்தபோது அவர் இல்லை. மூச்சுக்காற்றைக்கூட மக்களுக்கு ஏற்பாடு செய்ய முடியாத ஒரு நிர்வாகத்தை யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. அவருடைய மனைவியைச் சொன்னார்கள்.

தமயந்தி மறு வருஷமே ஒரு வேன் வாங்கி, இங்கே பூல் கார் என்று சொல்லும் பள்ளிக்கூட வண்டி ஓட்டத் தொடங்கினார். காலை ஆறரைக்கு சிப்பூரில் பதினொரு குழந்தைகளை ஏற்றி, மூன்று பள்ளிக்கூடங்களில் இறக்குவார். கிளம்பும்போதே ஷூ கயிறு கட்டாத பையன் யார், வாந்தி எடுக்கும் பெண் யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெற்றோர்கள் கதவைத் திறந்து குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போவார்கள். அத்தனை நம்பிக்கை. தினமும் பதினொரு உயிர்களை அவரிடம் ஒப்படைக்கத் தயங்காத அதே ஊர், பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்ணை அவரிடம் ஒரு மணி நேரம் ஒப்படைக்கத் தயங்கியது.

அம்பாசடரை மூன்று வருஷம் சதீஷ் என்ற டிரைவர் கல்யாணங்களுக்கு ஓட்டினான். சதீஷுக்கு நியூ டவுனில் கம்பெனி வேலை கிடைத்துப் போனபோது, இந்தத் தை மாதம் முதல் தானே ஓட்டுவதாக தமயந்தி சந்தீப்பிடம் சொன்னார். சந்தீப் கொஞ்சம் இழுத்தார். "கார் என்னுது, லைசென்ஸ் என்னுது, பாதையும் எனக்குத் தெரியும். வேற என்ன வேணும்?" என்று தமயந்தி கேட்டார். வேறு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல சந்தீப்புக்குக் கூச்சமாக இருந்ததால் சம்மதித்தார்.

முதல் கல்யாணம் கஸ்பாவிலிருந்து. மா ஃப்ளைஓவரின் உச்சியில், பின்னால் ஐம்பது வண்டிகள் ஹாரன் அடிக்க, கார் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. இருபது நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. மணப்பெண்ணின் சித்தி யாரிடமோ விசாரித்து, டிரைவர் விதவை என்று தெரிந்துகொண்டார். "ஒலொக்குனே" என்றார். அபசகுனம் பிடித்தவள் என்று அர்த்தம். காருக்குள் இருந்த தமயந்திக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

மல்லிக் பஜாரில் பழைய கார்களின் கார்புரேட்டர் வேலைக்கு தீபக் என்ற மெக்கானிக் இருக்கிறார். நல்ல கைக்காரர். அவர் பெட்ரோல் பம்பைப் பிரித்தார். உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் தகடு உப்பிப் போயிருந்தது. இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார். புது டயஃப்ரம் போட்டார், ரப்பர் குழாய்களை மாற்றினார், ஃபில்டரை மாற்றினார், டேங்கை இறக்கிக் கழுவினார், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். தமயந்தி பைபாஸில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார். கார் பாடிக்கொண்டே ஓடியது.

எட்டு நாள் கழித்து இரண்டாவது கல்யாணம். சிங்கிரிகாட்டா அருகே கார் நின்றது. அதே இருமல், அதே இருபது நிமிஷம்.

தீபக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தீதி, மாத்தக்கூடியது எல்லாத்தையும் மாத்திட்டேன். இனிமே மாத்துறதுக்கு ஒண்ணுதான் பாக்கி."

"என்ன பாக்கி?"

அவர் தமயந்தியைப் பார்க்காமல் ஸ்பானர்களை அடுக்கினார். "டிரைவர்."

அன்று மாலையே சந்தீப் தொலைபேசியில் அழைத்தார். காருக்கு அவரிடம் வேலை உண்டு, தமயந்திக்கு இல்லை. அடுத்த கல்யாணத்திலிருந்து சதீஷ் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து ஓட்டுவான். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, வியாபாரம்.

அந்த அடுத்த கல்யாணம் என் மகள் சுபிக்ஷாவுடையது.

நான் நிலவியல் துறையில் முப்பத்து மூன்று வருஷம் கல்லைத் தட்டிவிட்டு ஓய்வுபெற்றவன். சால்ட் லேக்கில் வீடு. சுபிக்ஷாவுக்கு அம்பாசடர் வேண்டும் என்று ஆசை. சந்தீப் மூலம் ஏற்பாடு செய்திருந்தோம். டிரைவர் பெண் என்றதும் அவளுக்கு இரட்டைச் சந்தோஷம். அண்ணன் என்ற பொருளில் என்னைத் தாதா என்று கூப்பிடும் சந்தீப் ஃபோனில் அழைத்து, "டிரைவரை மாத்திட்டேன் தாதா, கவலைப்படாதீங்க" என்று விவரம் சொன்னபோது ஸ்பீக்கர் போட்டிருந்தேன். கல்யாணத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அக்கா சாவித்திரி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அறுத்தவ கையிலயா ஸ்டியரிங்க குடுத்திருந்தே?" என்றாள்.

"அக்கா, அது பெட்ரோல் கோளாறு."

"கோளாறுதான். எந்தப் பெட்ரோலு ஆளு பாத்து நிக்குதுன்னு சொல்லுடே, கேட்டுக்கிடுதேன்."

விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856இல் சட்டம் போட்டது இதே கல்கத்தாவில் உட்கார்ந்துதான். நூற்று எழுபது வருஷம் ஆகப்போகிறது. அவள் கார் ஓட்டலாமா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவள் அசையவில்லை. கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று என் மனைவி கண்ணால் கெஞ்சினாள். வாழ்நாள் முழுவதும் சகுனத்துக்கும் ஜாதகத்துக்கும் எதிராகப் பேசிய நான் என்ன செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மாடிக்குப் போய் தமயந்திக்கு ஃபோன் போட்டேன். இந்த ஒரு தடவை மட்டும் சதீஷ் ஓட்டட்டுமே, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றேன்.

"சார், கார் நிக்கக்கூடாதுங்கிறீங்களா, நான் வரக்கூடாதுங்கிறீங்களா?"

வீட்டில் பெரியவர்கள் என்று மறுபடியும் ஆரம்பித்தேன், அவர் முடிக்க விடவில்லை.

"கார் நிக்கக்கூடாதுன்னா எனக்கு ஒரு சனிக்கிழமை குடுங்க. ஸ்கூல் லீவு. உங்க வீட்டு வாசல்லயே வச்சுப் பாத்துருவோம். நான் வரக்கூடாதுன்னா சொல்லிருங்க, சாவிய சதீஷ்கிட்ட குடுத்துர்றேன். ஆனா ஒண்ணு சார். அன்னைக்கு அவன் ஓட்டியும் கார் நின்னுச்சுன்னா, மணப்பெண்ணோட ராசின்னு சொல்லிருவாங்க. உங்க பொண்ணுக்கு அந்தப் பேரு வேண்டாம்."

கீழே இறங்கி வந்து, சனிக்கிழமைக்கு ஏற்பாடு செய்தேன். மனைவியின் கெஞ்சலைக் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்பாசடர் எங்கள் தெருவில் வந்து நின்றது. தமயந்தி கையில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில், கல்யாண நாளில் மட்டும் காரில் இருப்பவை எவை என்று பட்டியல் போட்டிருந்தார்: பூ அலங்காரம், டேங்க் நிறைய பெட்ரோல், மெதுவான ஓட்டம், மணப்பெண், நான். கடைசி வார்த்தையை மற்றவற்றைப் போலவே, அதே அளவு எழுத்தில் எழுதியிருந்தார். நான் படித்த ஆய்வறிக்கைகளில் இவ்வளவு நேர்மையானதை அதிகம் பார்த்ததில்லை.

"எல்லாரும் கடைசி ரெண்டத்தான் காரணம்னு சொல்றாங்க" என்றார். "சரி. இன்னைக்கு அந்த ரெண்டையும் எடுத்துருவோம். மணப்பெண்ணும் வேண்டாம், விதவையும் வேண்டாம். மத்த எல்லாம் அப்படியே இருக்கட்டும். கார் நிக்குதா பாப்போம்."

சந்தீப்பையும் வரவழைத்திருந்தார். காரை ஓட்டப்போவது அவர்தான். தாய் தந்தை உயிரோடு இருக்கிறார்கள், மனைவி, இரண்டு குழந்தைகள், கையில் மூன்று ராசிக்கல் மோதிரங்கள். மங்களத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாத மனிதர்.

அலங்காரத்துக்கு சைதன்யா வந்தார். மல்லிக் காட் பூச்சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக ரஜனிகந்தா கொண்டுவந்தார், நம் ஊர்ச் சம்பங்கிதான். சந்தீப்பின் கல்யாணக் கார்களுக்கெல்லாம் பூ வேலை அவருடையது.

"சைதன்யா தாதா, கல்யாணத்துக்கு எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே. ஒண்ணையும் விடாதீங்க, ஒண்ணையும் புதுசா சேக்காதீங்க" என்றார் தமயந்தி.

"சும்மா ஓட்டிப் பாக்கறதுக்கு எதுக்கு தீதி முழு அலங்காரம்? பூ வீணாப் போகுமே."

"வீணாப் போகட்டும்."

சைதன்யா ஒன்றரை மணி நேரம் வேலை செய்தார். பானெட்டின் மேல் பூவால் செய்த பெரிய வண்ணத்துப்பூச்சி. வங்காளிக் கல்யாணத்தில் அது இல்லாமல் கார் கிளம்பாது. கூரையிலிருந்து நான்கு பக்கமும் சரங்கள். பின்பக்கத்தில் ரோஜாத் தட்டு. அக்கா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணில்லாம பூ வச்ச வண்டி கிளம்புறத இப்பத்தான் பாக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள். பெட்ரோல் பங்கில் டேங்கை விளிம்பு வரை நிரப்பித்தான் தமயந்தி காரைக் கொண்டுவந்திருந்தார்.

சந்தீப் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், பக்கத்தில் சைதன்யா. சாட்சிக்காக நான் பின்சீட்டில். சுபிக்ஷா தன் ஸ்கூட்டரில் தமயந்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

அறுபத்து நான்கு வயதில், கல்யாணக் காரின் பின்சீட்டில், சம்பங்கிக்கு நடுவே தனியாக உட்கார்ந்து ஈஸ்டர்ன் பைபாஸில் போவது எளிதான காரியமல்ல. சிக்னலில் நின்றபோது பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், "பொண்ணு எங்கே தாது?" என்று கத்தினார். தாத்தாவைத்தான் இங்கே தாது என்பார்கள். போக்குவரத்து சார்ஜண்ட் ஒருவர் என்னைப் பார்த்துக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் வணங்கினார், கிண்டலா மரியாதையா என்று தெரியவில்லை. சந்தீப் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா தாதா, எவ்வளவு நல்லா ஓடுது? நான் சொன்னேன்ல. கைராசின்னு ஒண்ணு இருக்கு."

சயன்ஸ் சிட்டியைத் தாண்டினோம். ரூபி சந்திப்புக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது கார் ஒரு தடவை இருமியது. சந்தீப்பின் சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை இருமியது. பிறகு எஞ்சின் அடங்கி, நாங்கள் வந்த வேகத்திலேயே மெல்ல உருண்டு, ஓரத்தில் நின்றோம். சந்தீப் சாவியைத் திருகினார். திரும்பவும் திருகினார். மூன்று மோதிரங்களும் மின்னின. எஞ்சின் பிடிக்கவில்லை.

ஸ்கூட்டர் வந்து நின்றது. சுபிக்ஷா ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "சந்தீப் அங்கிள், நீங்க விதவையா?" என்றாள்.

"சும்மா இரு சுபி" என்றார் தமயந்தி. அவர் முகத்தில் வெற்றிக்களை இல்லை. கார் நின்றதற்கு அவர் காரணமில்லை என்பது உறுதியாகிவிட்டது. ஏன் நின்றது என்பது இன்னும் தெரியவில்லை. அது தெரியாவிட்டால் சனிக்கிழமையில் பாதிதான் பலன்.

பூ வண்ணத்துப்பூச்சியைப் பெயர்த்து சைதன்யா கையில் கொடுத்துவிட்டு பானெட்டைத் திறந்தார். பெட்ரோல் பம்பின் மேல் ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் அதில் நிறைந்துதான் கார்புரேட்டருக்குப் போகும். கிண்ணம் காலியாக இருந்தது. பம்பின் கைநெம்புகோலை விரலால் நாலைந்து தடவை இழுத்து விட்டார். ஒரு சொட்டு வரவில்லை.

"பம்பு இழுக்குது. விரல்ல தெரியுது. ஆனா டேங்க் குடுக்க மாட்டேங்குது" என்றார் தனக்குள். "ஐம்பது லிட்டர உள்ள வச்சுக்கிட்டு ஏன் குடுக்க மாட்டேங்கிறே?"

காரின் பின்பக்கம் நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். பெட்ரோல் டேங்கின் வாய் இருக்குமிடத்தில் ரோஜாத் தட்டு இருந்தது. அதை எடுத்தார். கீழே மடித்து வைத்த பாலிதீன் தாள். அதன் மேல் நான்கு விரல் அகலச் செல்லோடேப், குறுக்கும் நெடுக்குமாக, காற்றுப் புகாமல், ஒரு மருத்துவமனைக் கட்டு மாதிரி கச்சிதமாக ஒட்டியிருந்தது.

அவர் நகத்தால் கீறி டேப்பை உரித்தார், சாவி போட்டு மூடியைத் திருகினார்.

"புஸ்ஸ்ஸ்" என்று ஒரு நீண்ட சத்தம். வெளிக்காற்று டேங்குக்குள் பாய்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் விட்டு வாங்கியதுபோல் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். அந்த மூடியின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு துளை உண்டு. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் காற்று அந்தத் துளை வழியாக உள்ளே வரவேண்டும். துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். குழந்தைகள் அட்டைப் பெட்டி ஜூஸை உறிஞ்சும்போது பெட்டி ஒட்டிப்போகிறதே, அதே சங்கதி. ஒரு கட்டத்துக்கு மேல் பம்பால் இழுக்க முடியாது. டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றை வைத்துக்கொண்டே ஐம்பது கிலோமீட்டர் சமாளித்துவிடும். விளிம்பு வரை நிரப்பியிருந்தால் எட்டு ஒன்பது கிலோமீட்டரில் கதை முடிந்தது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் இடுக்குகள் வழியே காற்று கசிந்து சரியாகிவிடும். கல்யாணம் முடிந்து பூவைப் பிய்க்கும்போது டேப்பும் போய்விடும். தீபக் எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் குற்றவாளி அங்கே இருக்கமாட்டான்.

சந்தீப் சைதன்யா மேல் பாய்ந்தார். "பெட்ரோல் டேங்குக்குக் கட்டுப் போட யாருய்யா சொன்னது உனக்கு?"

சைதன்யா கையிலிருந்த வண்ணத்துப்பூச்சியைக் காரின் கூரைமேல் வைத்தார். அவர் தமயந்தியைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"தீதிதான் சொன்னாங்க."

"நானா?"

"முதல் கல்யாணத்தன்னைக்குக் காலையில. பெட்ரோல் வாடை பூவுல ஏறுது, பொண்ணு வீட்டுக்காரங்க ஏதாவது சொல்லுவாங்க, வாடை வராம எப்படியாவது மூடிடுங்கன்னீங்க. சதீஷ் ஓட்டுனப்ப நான் மூடுனதே இல்ல. அப்ப வாடையும் வந்ததில்ல."

வந்திருக்காது. சதீஷ் டேங்கைப் பாதிதான் நிரப்புவான். தமயந்திதான், நடுவழியில் பெட்ரோல் தீர்ந்தது என்ற பேச்சு ஒருபோதும் வந்துவிடக்கூடாது என்று விளிம்பு வரை நிரப்பினார். விளிம்பு வரை நிரப்பியதால் மூடி ஓரம் கசிந்தது. கசிந்ததால் வாடை. வாடைக்கு யாரும் முகம் சுளிக்கக்கூடாது என்று மூடச் சொன்னார். மற்ற டிரைவர்கள் யாரும் எடுத்துக்கொள்ளாத ஜாக்கிரதைகள் இவை. அவர்களுக்குத் தேவையில்லை. ஒரு ஆண் ஓட்டும் கார் நின்றால் கார் நின்றது. தன் கார் நின்றால் என்ன பெயர் வரும் என்று தமயந்திக்கு முன்பே தெரியும். அந்தப் பயத்தை அவருக்குள் ஊற்றியவர்கள் நாம். அதுதான் இரண்டு முறையும் காரை நிறுத்தியது.

தமயந்தி சிரிக்கத் தொடங்கினார். நெடுநேரம் சிரித்தார். சிரித்துக்கொண்டே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தவர், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். சுபிக்ஷா பக்கத்தில் போய் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

தண்ணீர் குடித்துவிட்டு முதல் வேலையாக மல்லிக் பஜாருக்கு ஃபோன் போட்டார். "தீபக், டிரைவர மாத்த வேண்டாம். செல்லோடேப்ப மாத்துனா போதும்." அந்தப் பக்கத்தில் தீபக் என்ன சொன்னாரோ, "உன் மன்னிப்ப நீயே வச்சுக்க. அடுத்த தடவ பம்பப் பிரிக்கிறதுக்கு முன்னால மூடியத் திற" என்று வைத்துவிட்டார்.

சந்தீப் கைநெம்புகோல் இழுப்பதைத் தானே செய்தார். கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் குமிழியிட்டு நிறைந்தது. எஞ்சின் பிடித்தது. அவர் ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார், தமயந்தி ஏறட்டும் என்று.

"சதீஷ்கிட்ட லீவு போட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லுங்க."

"கோபமா தீதி?"

"ஆமா" என்றார் தமயந்தி. "ஆனா வந்தீங்களே. வராம இருந்திருக்கலாம். அதுக்கு சந்தோஷம்."

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அக்கா முழுவதையும் கவனமாகக் கேட்டாள். துளை, காற்று, வெற்றிடம் எல்லாம் அவளுக்குப் புரிந்தது. பத்தாவதில் அறிவியலில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் அவள். "நீ சொல்லுதது சரிதாம்டே. ஆனாலும் மனசு கேக்கல" என்றாள்.

"நாலு நாள் இருக்கு, கேக்கலைன்னா நீ ஆட்டோவுல வா" என்றேன். அவளிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை.

"தமயந்தி ஆன்ட்டி ஓட்டலைன்னா நான் பட்டுப்புடவையோட மெட்ரோவுல போவேன் அத்தை. ரோஹித்துக்கும் மெட்ரோதான் பிடிக்கும்" என்று மாப்பிள்ளையையும் சேர்த்துக்கொண்டாள் சுபிக்ஷா.

கல்யாணத்தன்று காலை தமயந்தி முக்கால் டேங்க் பெட்ரோலோடு வந்தார். சைதன்யா மூடியைச் சுற்றி ஒரு ரோஜா வளையம் மட்டும் வைத்து நடுவை மூடாமல் விட்டுவிட்டார். சால்ட் லேக்கிலிருந்து லேக் மார்க்கெட் அருகே உள்ள மண்டபம் வரை பன்னிரண்டு கிலோமீட்டர். நான் முன்சீட்டில் இருந்தேன். எஞ்சின் சத்தத்தைக் காது கூர்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். காரணம் தெரிந்த பிறகும் பயம் உடனே போய்விடுவதில்லை. தமயந்தி பின்னால் திரும்பாமலே சுபிக்ஷாவிடம், தான் புதுப்பெண்ணாக இதே காரில் போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்று ஜம்புநாதன் பதற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே இரண்டு கிலோமீட்டர் ஓட்டினாராம். பின்சீட்டில் சுபிக்ஷாவின் சிரிப்பு நிற்கவில்லை. மண்டப வாசலில் கார் நின்றது, நிறுத்தியதால்.

அக்கா வேறு காரில் வந்தாள். பழைய நம்பிக்கையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டித் தரும் மெக்கானிக் எந்த பஜாரிலும் இல்லை. ஆனால் பந்தியில் தமயந்திக்கு எதிரே உட்கார்ந்தாள். "உங்கப்பாரு சாத்தூரா? அங்க யாரு வீடு?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினாள். அதுவும் எனக்கு லாபம்தான்.

நான் நன்றி சொல்ல வேண்டிய கணக்கில் முதலில் இருப்பவர் தமயந்தி. நாற்பது வருஷம் நான் மேடைகளிலும் வீட்டுக்கூடங்களிலும் பேசியதை அவர் ஒரு நோட்டுத் தாளில் ஐந்து வரிகளில் செய்து காட்டினார். தன் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, தன்னையும் சோதனைக்கு உட்படுத்தினார். எனக்கு அந்தத் துணிவு இல்லாத ஒரு மாலையில், எனக்காகவும் அதை அவரே வைத்திருந்தார். உண்மையைச் சொன்ன சைதன்யாவுக்கும் நன்றி. பழி தன்மேல் விழுந்தாலும் பரவாயில்லை என்று அவர் வாய் மூடியிருந்தால், ஏன் என்ற கேள்விக்கு விடையே கிடைத்திருக்காது. தன் கைராசியைப் பணயம் வைத்த சந்தீப்புக்கும்தான்.

சாப்பாடு முடிந்து, மண்டபத்துப் பின்வாசலில் தமயந்தி காரின் பூக்களைக் களைந்துகொண்டிருந்தபோது சந்தீப் அழைத்தார். கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"தீதி, ஞாயித்துக்கிழமை பெஹாலா. பொண்ணோட அம்மா பேசினாங்க. யார் ஓட்டறதுன்னு கேட்டாங்க. உங்க பேரச் சொன்னேன். புருஷன் இல்லாதவங்கன்னும் சொன்னேன். அப்புறமா தெரிஞ்சு பேச்சு வரக்கூடாதுன்னு."

தமயந்தியின் கை பூச்சரத்தில் நின்றது. "என்ன சொன்னாங்க?"

"ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாங்க."

"என்ன?"

"அங்க ரோடு தோண்டிப் போட்டிருக்காங்களாம். சுத்திவர்ற சந்து வழி உங்களுக்குத் தெரியுமான்னு."

"தெரியும்னு சொல்லுங்க" என்றார் தமயந்தி.

"சொல்லிட்டேன்" என்றார் சந்தீப்.